ஸ்வென் சொன்ன நாலு

அழகரத்தினம் கோல்ஃப் விளையாடப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துத் தமிழர்கள் ஒருவரும் நம்பவில்லை. கிரிக்கெட் என்றால் சரி, உதைபந்தாட்டம் என்றாலும் சரி. ஆடைத் தொழிற்சாலையில் பின்னல் இயந்திரத்தோடு மாரடித்த மனிசனுக்குக் கோல்ஃபா? "அண்ணைக்கு எந்த நாட்டிலை மந்திரி உத்தியோகம் கிடைச்சிருக்கு?" என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே கேட்டார்கள்.

மனைவி விமலராணி இன்னும் ஒரு படி மேலே. "இஞ்சேருங்கோ, அது சிவனே எண்டு கிடக்கிற பந்து. அதைப் போய் அடிச்சுக் காட்டுக்கை கலைச்சுப்போட்டு, பிறகேன் குனிஞ்சு குனிஞ்சு தேடுறியள்?" இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு கோல்ஃப்காரனிடமும் பதில் கிடையாது. அழகரத்தினமும் சிரித்துவிட்டுச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விடுவார்.

உள்ளதைச் சொன்னால் அது ஒரு பொல்லாத விளையாட்டு. நூறு தரம் அடித்தால் தொண்ணூற்றொன்பது கோணலாகப் போகும். மட்டை புல்லைக் கிளப்பும், பந்து குளத்தில் விழும், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று மனிசன் சத்தியம் பண்ணுவான். நூறாவது அடி நேரே எழும்பி, மேலே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, கொடிக்குப் பக்கத்தில் போய் இறங்கும். அவ்வளவுதான், சத்தியம் போச்சு. அடுத்த புதன்கிழமையும் ஆள் அங்கே நிற்பான்.

அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் ஸ்வென். தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவர், அழகரத்தினத்தைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். டேனிஷில் சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'நீ'தான், எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அழகரத்தினமும் முகத்துக்கு முன்னால் ஸ்வென் என்றே கூப்பிட்டார். வீட்டுக்கு வந்தால் மட்டும் "ஸ்வென் அண்ணை" என்பார். அவர் பேசும் டேனிஷ் இவர் காதில் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாக விழத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை மூடியது, ஸ்வென் ஓய்வெடுத்தார், இவர் ஜன்னல் செய்யும் தொழிற்சாலைக்கு வேலை மாறினார். புதன்கிழமை மட்டும் பத்தொன்பது வருடம் மாறவேயில்லை.

அந்த விளையாட்டுக்கென்று சில ஆசாரங்கள் இருக்கின்றன. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. நடுவர் என்று ஒருவரும் இல்லை. உன்னுடைய அடிகளை நான் அட்டையில் எழுதவேண்டும், என்னுடைய அடிகளை நீ எழுதவேண்டும், முடிவில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். குறைய அடித்தவர் வெல்வார். கடைசிக் குழியில் பந்து விழுந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்து "விளையாட்டுக்கு நன்றி" என்று சொல்லவேண்டும். பத்து வருடம் ஒரே மாடியில் குடியிருந்தும் தலையாட்டாத டேனிஷ்காரர்கூட அந்த இடத்தில் தொப்பியைக் கழற்றுவார். அழகரத்தினத்துக்கு அதுதான் பிடித்துப்போனது.

"கோயிலுக்கை சட்டையைக் கழட்டுற மாதிரியப்பா" என்று விமலராணிக்கு விளக்கிப் பார்த்தார்.

"அப்ப குளத்துக்குள்ளை போட்ட பந்தெல்லாம் நேத்திக்கடனோ?" என்றாள் அவள்.

போன வருடம் சித்திரையில் ஒருநாள், வாகனம் நிறுத்துமிடத்தில் ஸ்வெனின் மனைவி கிர்ஸ்டன் அவரைத் தனியே கூப்பிட்டாள். ஸ்வெனுக்கு மறதி நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். "கோல்ஃப் கழகத்திலை சொல்லிப்போடாதை. சொன்னால் பாவம் பாத்து அவரை வீட்டிலை இருத்திப்போடுவினம். இப்ப அவருக்குத் தெரியிற ஒரே கிழமை புதன்தான். அதையும் பறிச்சால் ஆள் முடிஞ்சுபோகும்." அழகரத்தினம் வாக்குக் கொடுத்தார். அண்ணையின் புதன்கிழமையைக் காப்பாற்றுவது இனித் தன் பொறுப்பு என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

ஆனியில் ஒரு புதன்கிழமை. ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. ஸ்வென் இரண்டு பந்தைத் தண்ணீருக்குள் விட்டார், மூன்றாவதை மணலுக்குள் விட்டார், அங்கேயிருந்து கிளப்பி, உருட்டி, எல்லாமாக ஒன்பது அடி. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நாலு. எழுது."

பிழை நடந்தது அங்கேதான். டேனிஷ்காரர் ஒருவர் என்றால் "இல்லை ஸ்வென், ஒன்பது" என்று சொல்லியிருப்பார். அதில் கோபமும் கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. அழகரத்தினத்துக்கு வாய் வரவில்லை. அண்ணை பொய் சொல்லவில்லையே, அவருடைய தலைக்குள் அது நாலுதானே! வயதுக்கு மூத்த மனிசனை நேரே பார்த்து 'நீங்கள் பிழை' என்று சொல்லி வளர்ந்த உடம்பா அது? விருந்தாளி போதும் போதும் என்றாலும் ஓர் அகப்பை கூடப் போட்டுப் பழகிய கை, அன்றைக்கு ஐந்து அடியைக் குறைத்துப் போட்டது.

அட, அதோடாவது நின்றிருக்கக்கூடாதா! ஒரு குழியில் பழகியது பதினெட்டுக் குழிக்கும் பரவியது. ஸ்வென் சொன்னதெல்லாம் அட்டையில் ஏறியது. கழகத்துச் சுவரில் ஒட்டிய பட்டியலில் எழுபத்துமூன்று வயது மனிசன் கிழமைக்குக் கிழமை இளந்தாரியாகிக்கொண்டே போனார். புரட்டாதியில் ஆண்டுக் கிண்ணம் ஸ்வெனுக்கு. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, "இது ஆருடையதடா?" என்று அழகரத்தினத்திடம் மெல்லக் கேட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அந்தக் கிண்ணத்துக்கான கடைசிப் போட்டியன்று புல் வெட்டுகிறவர் ஏழாவது குழியடியில் நின்றிருக்கிறார். மூன்று பந்து குளத்துக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்து, அன்றைக்கும் ஒன்பது அடி என்று எண்ணியவர். அட்டையில் நாலு என்று இருக்கக் கண்டதும் போய்ச் சொல்லிவிட்டார். அவரிலும் பிழையில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் விசாரணை. மேசையில் கோப்பி, கேக், மெழுகுதிரி. டேனிஷ்காரர் கழுத்தை அறுப்பதானாலும் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் அறுப்பார்கள். ஸ்வென் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். பின்னால் கிர்ஸ்டன் இருந்தாள். கழகத் தலைவி பிர்கிற்ற அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து வைச்ச ஆள்தான் பொறுப்பு. ஸ்வென், ஏழாவதிலை எத்தினை அடிச்சனீங்கள்?"

"நாலு" என்றார் ஸ்வென். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று மட்டும் அவருக்குப் பிடிபட்டது. "அம்பது வருசமா விளையாடுறன். ஒரு அடி மறைச்சதில்லை" என்று மேசையில் கையை வைத்துச் சொன்னார்.

அவருடைய பெயரைக் கழகத்திலிருந்து வெட்டப் போகிறார்கள் என்று அழகரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது. நோய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். ஆனால் புதன்கிழமை போய்விடும். கிர்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அழகரத்தினம் எழும்பினார். "ஸ்வென் ஒன்பது எண்டுதான் சொன்னவர். நான்தான் நாலு எண்டு எழுதினனான். அவர் பாக்காமல் கையெழுத்து வைச்சவர்."

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"அவர் வெல்லவேணும் எண்டு ஒரு ஆசை" என்றார். அந்தப் பேச்சில் கலப்பில்லாத உண்மை அது ஒன்றுதான்.

கிண்ணம் திரும்பிப் போனது. ஸ்வெனில் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அழகரத்தினத்தைக் கழகத்திலிருந்து நீக்கினார்கள். அதற்கெல்லாம் அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். ஸ்வென் எழுந்து தன் முன்னால் வந்து நிற்பார் என்றுமட்டும் அவர் நினைக்கவில்லை.

"பத்தொன்பது வருசம் என்ரை அட்டையை உன்ரை கையிலை தந்தன்" என்றார் ஸ்வென். "பொய் எழுதுறவனோடை நான் இனி ஒரு குழியும் நடக்கமாட்டன்."

அழகரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார். ஸ்வென் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்படிக் காப்பாற்றிய புதன்கிழமை எத்தனை நாள் நின்றது? ஒரு மாதம்! முதல் இரண்டு கிழமையும் யார் யாரோ கூட நடந்தார்கள். மூன்றாம் கிழமை எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. நாலாம் கிழமை ஸ்வென் தனியே பந்து தேடப் போய், ரயில் பாதைக்குப் பக்கத்தில் மட்டையும் கையுமாக நின்றவரைப் பொலிஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். இனி அவரை அனுப்பவேண்டாம் என்று கழகம் மிக அன்பாகச் சொன்னது. நோயும் வெளியே தெரிந்துவிட்டது. பிர்கிற்ற அழகரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். விளங்குகிறது, திரும்பி வரலாம் என்றாள். "வந்து ஆரோடை விளையாடுறது?" என்று கேட்டார் அவர்.

கிர்ஸ்டன் உள்ளதை எத்தனையோ தரம் ஸ்வெனுக்கு எடுத்துச் சொன்னாள். அது அவர் தலையில் பத்து நிமிடம் நிற்காது. மனைவியின் பெயர் போனது, தொழிற்சாலை போனது, செத்துப்போன தாயைத் தேடத் தொடங்கினார். அழகரத்தினம் பொய் எழுதினவன் என்ற அந்த ஒன்று மட்டும் போகவில்லை. பாழாய்ப்போன நோய், எதை விடவேண்டுமோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தை மாதத்தில் விமலராணி ஸ்வென் வீட்டுக்கென்று மரக்கறி ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அவளும் இப்போது கோல்ஃபைப் பற்றி ஒன்றும் பகிடி விடுவதில்லை. அழகரத்தினம் போனபோது ஸ்வென் வரவேற்பறைக் கம்பளத்தில் நின்று, சரித்து வைத்த கோப்பிக் கோப்பைக்குள் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இவன்தான் பொய் எழுதினவன்" என்று கிர்ஸ்டனுக்கு அறிமுகம் செய்தார். பிறகு குனிந்து அடித்தார். அழகரத்தினம் பழைய வழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பந்து கோப்பையில் பட்டு விலகியது, கதிரைக்குக் கீழே போனது, சுவரில் மோதித் திரும்பியது. ஸ்வென் திரும்பத் திரும்ப அடித்து, ஒன்பதாவது அடியில் அது உள்ளே விழுந்தது. ஸ்வென் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினை?"

அழகரத்தினத்துக்கு அன்றைக்கு ஏழாவது குழியில் சொல்லியிருக்கவேண்டியதை இன்றைக்காவது சொல்லிவிடவேண்டும் போலிருந்தது.

"ஒன்பது, அண்ணை" என்றார். அந்த 'அண்ணை' தமிழிலேயே வந்துவிட்டது.

"நாலு" என்றார் ஸ்வென். கிர்ஸ்டன் பக்கம் திரும்பினார். "பாத்தியே? இவன் இன்னும் பொய்தான் சொல்லுறான்."

அழகரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார். ஸ்வென் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்தபடி நின்றார். நீட்டிய கையில் கிர்ஸ்டன் வெறும் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விமலராணி கேட்டாள்: "அண்ணை சாப்பிட்டவரோ? உங்களோடை ஏதும் கதைச்சவரோ?"

"ஓம்" என்றார் அழகரத்தினம். "விளையாட்டுக்கு நன்றி எண்டவர்."