துரை வண்டியும் பேப்பர் வண்டியும்

பேப்பர் விநியோகத் தொழிலில் செய்தி என்பது மூன்றாவது சங்கதி. முதலாவது ரோடு, இரண்டாவது மழை. வேலைக்காக வேற்றூருக்குப் போய், முதல் வாரமே பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்த அன்பர்களுக்கு என் பாடு புரியும். நான் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் இருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் தமிழ்ப் பத்திரிகை கொண்டுபோக ஆள் தேவை என்றார்கள். ஓட்டத் தெரியும் என்ற தைரியத்தில் ரயிலேறிவிட்டேன். ஹட்டனில் ஏஜெண்டு முதலாளி சொன்னது ஒன்றுதான்: "கட்டு விக்காம திரும்பி வந்துகிட்டே இருந்துச்சுன்னா, நீயும் கட்டோட கொழும்புக்குப் போயிரு."

வண்டிக்குக் குளிர்

எனக்குக் கொடுத்த வண்டி, யுத்த காலத்தில் பட்டாளத்தார் ஓட்டித் தேய்த்துவிட்டுப் போனது. டயர் கடை மெக்கானிக் பண்டா பாஸ் வீட்டுப் பின்பக்கத்தில் எனக்கும் அதற்கும் இடம். முதல் நாள் விடியற்காலையில் உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வீங்கியது. கொழும்பில் ஒரே உதையில் உறுமுகிற சாதியைச் சேர்ந்த வண்டி, இங்கே இருமக்கூட மறுத்தது. பண்டா பாஸ் வந்து பிளக்கைக் கழற்றி, தேநீர் கொதிக்கிற அடுப்பில் வாட்டி மாட்டினார். உடனே கிளம்பியது. அவர் என்னைப் போர்த்தியிருந்த கம்பளியோடு மேலும் கீழும் பார்த்தார். சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "மல்லி, நீங்க கம்பளி போத்தி நல்லா தூங்கினது. பைக்குக்கு யார் போத்துறது?"

ஊரெல்லாம் மரியாதை

றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் முதல் முறையாக ஏறினேன். நல்ல மழை. எதிரே வந்த ஆண்கள் ரோட்டோரம் ஒதுங்கி, தலையில் போட்டிருந்த கம்பளியை இறக்கி, நனைந்துகொண்டே நின்றார்கள். கொழுந்து பறித்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்கள். மலைநாட்டுச் சனத்துக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போய்க் கையை வேறு ஆட்டினேன்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அடுப்புப் புகை மட்டும் கூரையில் எழும்பியது. "பேப்பர்! பேப்பர்!" என்று கத்தியும் ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த லயத்திலும் அதே கதை. கட்டு அப்படியே ஹட்டனுக்குத் திரும்பியது. மூன்றாம் நாள்தான், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மாரியாயி என்ற அம்மாள், குடம் நிரம்பாததால் ஓடாமல் நின்றார். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது: "இந்தச் சத்தத்தோட இங்க வர்றது சின்னத்தொரை ஒருத்தருதாங்க தம்பி. காச்சல்னு வேலைக்குப் போகாதவுங்க, தொரைக்குப் பிடிக்காத பேப்பர படிக்கிறவுங்க எல்லாருமே வீட்டுக் காம்பராவுக்குள்ள பூந்துட்டாங்க."

சின்னத்துரை என்றால் தோட்டத்து உதவி மேனேஜர். அவர் என்று நினைத்து மழையில் கம்பளியை இறக்கியவர்களை எண்ணிப் பார்த்தேன். கையை ஆட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

பாம்... பாம்

பண்டா பாஸிடம் ஒரு பழைய ரப்பர் ஹார்ன் கிடந்தது. லாரியில் இருந்ததாம். அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் அமுக்கினேன். இரண்டே நாளில் கதவுகள் திறந்தன. ஆனாலும் லயத்துக்கு ஒரு பேப்பருக்கு மேல் போகவில்லை. சவரிமுத்து என்பவர் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் வரை உரக்கப் படிப்பார். லயமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். இன்னும் ரெண்டு பேர் வாங்கினால் என்ன என்று மாரியாயியிடம் கேட்டேன். "கண்ணு எங்களுக்கும் இருக்குங்க. எழுத்துதான் அவருகிட்ட இருக்கு."

அவர் கையிலும் ஒன்று

சின்னத்துரை இளவட்டம், விளையாட்டுப் பிள்ளை. என் ஹார்னைக் கேட்டு ஆசைப்பட்டாரோ, திட்டமே போட்டாரோ, அதேபோல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு நாள் பகலில் பாம் பாம் கேட்டதும், காய்ச்சல்காரர்கள் உட்பட லயமே ரோட்டுக்கு ஓடிவந்தது. வண்டியில் வந்தது அவர். பேப்பருக்குக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்ற சவரிமுத்துவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றுவிட்டார்கள்.

மறுநாள் நான் அமுக்கிய ஹார்னுக்குக் காக்கைதான் பதில் சொன்னது. செய்தி என் பேப்பரை முந்திக்கொண்டு எல்லா லயத்துக்கும் போயிருந்தது. கட்டு மறுபடி திரும்பத் தொடங்கியது. முதலாளி கொழும்பு ரயில் நேரத்தை விசாரித்தார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அதைவிட, என்னால் ஒரு மனுஷன் வீட்டு அடுப்பு அணைந்ததே என்று உறுத்தியது.

கடைசி முயற்சியாக, சவரிமுத்துவிடம் மன்னிப்பாவது கேட்போம் என்று கிளம்பினேன். கடைசி வளைவில் என் பட்டாளத்து வண்டி நின்றுபோனது. உதைத்துப் பார்த்து அலுத்து, லயம் வரை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனேன். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் எல்லாக் கதவும் திறந்திருந்தது. சவரிமுத்து இஸ்தோப்பில் இருந்து இறங்கி வந்து பேப்பருக்குக் கையை நீட்டினார். நான் வாயைத் திறக்குமுன் மாரியாயி சொன்னார்: "இனிமே இந்த வளைவுல எறங்கித் தள்ளிகிட்டே வந்துருங்க தம்பி. தொரை வண்டியத் தள்ள மாட்டாரு. தள்ளிகிட்டு வந்தா அது நீங்கதான்."

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கொழும்பிலிருந்து போன எனக்கு, மலைநாட்டில் வேலை நிலைத்தது அதைத் தள்ளியதால்தான்.