கரை ஒதுங்கிய பாசி

நனைந்த காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, "அந்தப் பாசித்தூள் எங்க?" என்று மேடம் கேட்ட மாலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. சுங்கை வேயில் சோப்பும் ஷாம்புவும் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவர் ஆய்வகத் தலைவர். நான் விற்பனைப் பிரிவு. போர்ட் டிக்சன் கடற்கரையில் ஒதுங்கி அழுகும் பழுப்புப் பாசியை லோரியில் கொண்டுவந்து, அதிலிருந்து பயனுள்ள ஏதாவது எடுக்கலாம் என்று தொடங்கியவர் அவர்தான். நாற்றம் தாங்காமல் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் சண்டைக்கு வந்த நாளிலும், மணல் போகும்வரை ஏழெட்டுத் தண்ணீரில் தம் கையாலேயே அதை அலசிக்கொண்டிருந்தார்.

அவசரப்பட்டவன் நான். காயவைத்து அரைத்த தூளைச் சத்துப் பானமாக விற்கலாம் என்று கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்துவிட்டேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். சோதனை முடிவு வருமுன்பே ஆய்வக மேசையிலிருந்து ஒரு பொட்டலத்தை வீட்டுக்கும் எடுத்துவந்தேன். என் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

"எத்தனை நாள் குடிச்சீங்கம்மா?" என்று மேடம் அவளிடம் கேட்டார்.

"மூணு நாள், மேடம். ஒரு ஸ்பூன்தான்."

இந்த வகைப் பாசி கடல்நீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சை இழுத்து வைத்துக்கொள்ளும். அன்று பிற்பகல் வந்த சோதனைத் தாளில் அது அளவுக்கு மிஞ்சி இருந்தது; மேசையில் ஒரு பொட்டலம் குறைவதைக் கண்டதும் மேடம் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "பயந்துக்காதீங்க. ஆனா நாளைக்கே டாக்டரைப் பாத்துடுங்க லா. இந்தத் தாளையும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தூளை வாங்கிக்கொண்டு போனார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பாதிப்பில்லை என்றார் டாக்டர்; மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

மேடம் வீட்டுக்கு வந்துபோன மறுநாள் முதலாளி அவரிடம் கொதித்தார். "இவ்வளவு செலவு பண்ணிட்டு இப்ப வேணாங்கிறீங்களா?"

"குடிக்கிற சாமானுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், பாஸ். ரெண்டு மாசம் கொடுங்க, வேற வழி பாக்குறேன்" என்றார் மேடம்.

அந்த இரண்டு மாதத்தில் பாசியைச் சலவைச் சோடாக் கரைசலில் வேகவைத்து, வடித்து, ஆல்ஜினேட் என்னும் பசையைப் பிரித்தெடுத்தார். கழிவுநீரை வடிகாலில் விடாமல் பீப்பாய்களில் அடைத்து, நச்சுக்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைத்தார். செராஸில் துணியில் சாயச் சித்திரம் தீட்டும் பாத்தேக் பட்டறை வைத்திருக்கும் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் அந்தப் பசையைக் கொண்டுபோனோம். சாயத்தில் அதைக் கலந்து துணியில் ஒரு பூவை வரைந்தார் அவர். சாயம் கோட்டைத் தாண்டிக் கசியவில்லை. "பாகுஸ்", நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். மேடம் அந்தப் பூவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று பல பட்டறைகளுக்கு அந்தப் பசையை நான்தான் விற்கிறேன்.

சென்ற ஆண்டு அவர் ஓய்வுபெற்றார். பிரிவு விருந்தில் ஆளாளுக்குப் பாராட்டினோம். அவர் எழுந்து சுருக்கமாகத்தான் பேசினார். "சோதனை முடியாத தூளை ஒரு தடவை பூட்டாம விட்டுட்டேன். அது என் தப்பு. நீங்க அப்படி விட்டுடாதீங்க" என்றார். நான் இருந்த பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. அந்தத் தூளை எடுத்தவன் யார் என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நான் இங்கே சொல்கிறேன்.