அப்பா பெயரில் வந்த முக்குளிப்பு அட்டை

காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலில் முக்குளிப்பவர்களுக்குக் கொடுக்கும் அட்டைக்குக் காலாவதி கிடையாது. கார் லைசென்ஸைப் போல வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டியதில்லை. ஒருமுறை தேறிவிட்டால் சாகும்வரை செல்லும். ஆகையால் அதற்கு நேரக்கூடியது ஒன்றுதான், தொலைந்து போவது. என்னுடையது எண்பதுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் தொலைந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் அப்பா, அம்மாவுடன் இருந்தேன். தொழிற்சாலையின் விளையாட்டு மன்றம் ஒரு வருடம் முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தது. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், பிறகு கடலில் இரண்டு நாள். பெண்களில் நான் ஒருத்திதான் பெயர் கொடுத்தேன். நீந்தத் தெரியுமா என்று பயிற்றுநர் கேட்டபோது தெரியும் என்றேன். முதல் ஞாயிறே சாயம் வெளுத்துவிட்டது. மற்றவர்களைவிட மூன்று வாரம் அதிகமாக எடுத்துக்கொண்டேன், ஆனாலும் தேறினேன்.

கடலுக்கடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு சூப்பர்வைசரின் கத்தலைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும். தண்ணீருக்கடியில் எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது. மீன்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் சொல்லவில்லை. பேட்மிண்டன் என்று சொல்லி வைத்திருந்தேன். பாயார் தீவுக்குப் படகில் போகும் நாட்களில், தாசேக் கெலுகோரில் ஒரு தோழி வீட்டுக் கல்யாணம் என்பேன். அந்தத் தோழியின் தங்கைகள் எத்தனை பேரை நான் கட்டிக்கொடுத்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

காரணம் அப்பா. துறைமுக ஆபீஸில் முப்பது வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்தும் சரக்குத் தொங்கான் படகிலிருந்தும் விழுந்து செத்தவர்களைப் பற்றிய அறிக்கைகளை அவர்தான் தட்டச்சு செய்வார். தினமும் கடலைப் பார்த்தவர், ஒருநாளும் அதில் கால் நனைத்ததில்லை. சிறுவயதில் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது. ஏறினால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். நான் தொழிற்சாலையில் சேர்ந்தபோது நாற்பது நாள் பேசவில்லை. எனக்கு வாய் நீளம், யாரோடும் மல்லுக்கு நிற்பேன். அப்பா பேசாமல் இருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அட்டையை அலமாரியில், சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்திருந்தேன். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாத் தட்டிலும் தாள் மாற்றுவார்கள் என்பது தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் அலமாரியில் புதுத் தாள். பழையதை அம்மா அப்படியே சுருட்டி, பழைய பேப்பர் வாங்குபவரின் லாரியில் போட்டுவிட்டார். நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டதற்கு, தோடு என்று சொன்னேன். பாவம், அம்மா இரண்டு நாள் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினார்.

அட்டை இல்லாவிட்டால் படகில் சிலிண்டர் தரமாட்டார்கள். ஏப்ரலில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்குப் பயணம் இருந்தது. அதற்காகவே வருட விடுமுறை முழுவதையும் சேர்த்து வைத்திருந்தேன். மாற்று அட்டைக்கான விண்ணப்பப் பாரத்தைப் பயிற்றுநர் கொடுத்தார். படம் ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைக்காரன் அச்சடித்த பாரம், முதல் கேள்வியே குடும்பப் பெயர் என்ன என்பது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் முதலில் என் பெயர், பிறகு இன்னாரின் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம், கடைசியில் அப்பா பெயர். கடைசியில் இருப்பதுதான் அவன் கேட்பது என்று அப்பா பெயரை எழுதினேன். முதல் தடவை பயிற்றுநரே எல்லாவற்றையும் நிரப்பியதால் இந்தத் தலைவலி எனக்கு வரவில்லை.

முகவரிக்கு வீட்டு முகவரி கொடுத்தேன். தபால்காரர் பதினொரு மணிக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுவார். எனக்கு மத்தியான ஷிப்ட், ஆகவே நான் முந்திக்கொள்ளலாம். மார்ச் மாதம் என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள்.

ஒருநாள் நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா சமையலறையிலிருந்தே சொன்னார்.

"உங்கப்பாவுக்கு ஏதோ லைசென்ஸ் வந்திருக்குலா. எதுக்குன்னு அவருக்கே தெரியலயாம்."

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். உறையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, முன்னால் என் பெயரின் முதல் எழுத்து மட்டும். அவர் பிரித்ததில் தப்பே இல்லை. அட்டையிலும் அப்படியேதான். அதை என் பக்கம் தள்ளினார்.

"பேரு என்னுது. படம் உன்னுது. என்னம்மா இது?"

தாசேக் கெலுகோர்த் தோழியால் இதில் எனக்கு உதவ முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன தடவ போயிருக்கே?"

"முப்பது இருக்கும்பா."

"எவ்ளோ ஆழம்?"

"அறுபது அடி."

ஜன்னல் வழியாக எதிர் ப்ளாக்கைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "ஆறு மாடி," என்றார்.

இனி பேசமாட்டார் என்று நினைத்து முந்திக்கொண்டேன். "எனக்கு இருபத்தாறு வயசு. நல்லா கத்துக்கிட்டுத்தான் போறேன். நீங்க பேசலன்னாலும் ஏப்ரல்ல போகத்தான் போறேன்." சொல்லிவிட்டேனே தவிர, அவர் பேசாவிட்டால் நான் போகமாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தார்.

"கடல்ல செத்தவங்க பேர நான்தான் டைப் அடிப்பேன். மூணு நாள் ஆச்சுன்னா முகத்தப் பாத்து யாருன்னு சொல்ல முடியாது. பையில இருக்குற கார்டப் பாத்துத்தான் எழுதறது. இந்தக் கார்டப் பாத்தா கிராணி என்ன எழுதுவான்?"

அட்டையைத் திரும்பப் பார்த்தேன்.

"என் பேரத்தான் எழுதுவான். செத்தது நான்னு எழுதுவான்."

பெயரை மாற்றித் தரச் சொல்லி இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். திரும்பவும் மாதக்கணக்கில் ஆகும், ஏப்ரல் பயணம் போய்விடும். போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. அட்டையை உறைக்குள் போடக் கை நீட்டினேன்.

அப்பா அதை எடுத்து என் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"மாத்த வேணாம்மா," என்றார். "அவன் எழுதறது சரியாத்தான் இருக்கும்."