பாலத்தில் சின்னவள்

தையல்காரிக்கும் அவள் ஓரகத்திக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. இருவரும் சைக்கிளில்தான் போவார்கள். வழியில் வரும் மேம்பாலம்தான் பெரியவளான தையல்காரிக்கு வினை. சின்னவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று, பாட்டு முணுமுணுத்தபடி மிதித்து ஏறிவிடுவாள். பெரியவள் பாதியிலேயே இறங்கி, மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போவாள். உச்சியில் சின்னவள் வியர்க்காமல் காத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். நேற்று வந்தவளுக்கு இவ்வளவு மிடுக்கா!

ஒரு விடுமுறைக் காலையில், யாரிடமும் சொல்லாமல் பாலத்துக்குப் போய்ப் பழகிப் பார்த்தாள். எழுந்து நின்றதுமே சைக்கிள் தாறுமாறாக நெளிந்தது. தோள் கடுத்தது, தொடை கெஞ்சியது. இறங்கிவிட்டாள். பின்னால் மணி அடித்தது. கடைக்குக் கிளம்பிய சின்னவள்!

"என்னக்கா, ஹேண்டில் பாரைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க?"

"உன் கழுத்துன்னு நெனச்சுத்தான்டி பிடிச்சேன்." வாய் முந்திக்கொண்டது.

சின்னவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ கொஞ்சம் லேசாவே நெரிங்க. வலது கால் மிதிக்கும்போது சைக்கிள் இடது பக்கம் சாயட்டும். நீங்க நேரா நில்லுங்க. உடம்பு பாரமே பெடலை இறக்கிடும்."

பெரியவள் வேண்டாவெறுப்பாகத்தான் மிதித்தாள். ஆனால் சைக்கிள் இடமும் வலமும் ஆடியபடி சொன்ன பேச்சைக் கேட்டது. உச்சி வந்துவிட்டது. சின்னவள் கீழே நின்று கைதட்டினாள். இதையும் அவளிடமிருந்தே வாங்க வேண்டியதாகிவிட்டதே என்று பெரியவளுக்கு எரிந்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா!"