தையல் சரியில்லை

பொருளை விற்றவளே கடன்காரியாவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், கைப்பேசிக்குள் ஒரு கடைத்தெரு இருக்கிறதே, அந்த ஊர் நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். உறைக்காரி அன்று காலை பல்கூடத் தேய்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து அதைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள். மாதம் முழுக்க வாஷிங் மெஷினுக்கும் மிக்சிக்கும் உறை தயாரித்து அந்த ஆப்பில் விற்றிருக்கிறாள். வந்திருக்க வேண்டிய தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது. கம்பெனி அவளுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை; அவள்தான் கம்பெனிக்குத் தர வேண்டுமாம்!

பள்ளிக்கூட வேன் ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான். "என்ன, அவன் பிடிச்சது போக எவ்வளவு மிச்சம்?"

"நான்தான் மிச்சம். வந்து என்னையும் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கே வாயை மூட வேண்டும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான்.

அந்தக் கம்பெனி பிடிக்கிற பிடித்தங்களைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும். விற்றால் கமிஷன். விற்றதைப் பதிவு செய்ய ஒரு கட்டணம். அவளுடைய உறை நாலு பேர் கண்ணில் படவேண்டுமானால் விளம்பரத்துக்குத் தனி. இத்தனை கட்டணத்துக்கும் சேர்த்து மேலே வரி. அப்புறம் அனுப்புகிற கூலி இருக்கிறதே, அது சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். உறை காகிதம் மாதிரி லேசு. ஆனால் அவர்கள் எடையைப் பார்ப்பதில்லை, பொட்டலம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறார்கள். அதனால் உறைக்காரி ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஏறி உட்கார்ந்து, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றி, எழுந்திருக்காமலேயே டேப்பை இழுத்து ஒட்டுவாள். அப்படியும் அது கிடங்குக்குப் போவதற்குள் உப்பிவிடும், கூலியும் ஏறிவிடும். காற்றுக்குக் கூலி கொடுக்கிற ஜென்மத்தை எங்கேயாவது பார்த்ததுண்டா?

அதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். முதுகை முறித்தது திரும்பி வருகிற சரக்குதான். வாங்கியவர் மனசு மாறித் திருப்பினால், கொண்டுபோகும் கூலியை அவர் தலையிலேயே கட்டுவார்கள். 'தையல் சரியில்லை' என்று காரணம் சொல்லித் திருப்பினால் அவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். போக்குக்கும் வரத்துக்கும் கூலி, அதற்குமேல் தரக்குறைவு என்று ஒரு அபராதம், எல்லாம் விற்றவள் தலையில். வாங்கியது யாரென்று கம்பெனி அவளுக்குக் காட்டுவதில்லை. கொஞ்ச நாளாகத் திரும்பி வந்த பொட்டலம் ஒவ்வொன்றிலும் அந்த ஒரே காரணம்தான் அச்சடித்திருந்தது.

தையல் முழுக்க ஜிப் அக்காவுடையது. வெட்டுவது உறைக்காரி, தைப்பது அக்கா. ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபது வருஷம் ஜிப் மட்டுமே வைத்த கை. அந்தக் கம்பெனியை மூடியபின் உறைக்காரி வீட்டு முன்னறை ஜன்னலோரத்து மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன் வேறு. பொட்டலம் திரும்பி வரும்போதெல்லாம் உறைக்காரி அதைப் பிரித்து, தையலை நகத்தால் கீறி இழுத்துப் பார்ப்பாள். பிரியாது. பிரியாவிட்டால் என்ன, இத்தனை பேரா பொய் சொல்வார்கள்? "அக்கா, கவனம் எங்க இருக்கு? என் பிழைப்புல மண்ணைப் போடறீங்களே!" என்று கத்துவாள். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். "பாக்கறேன் தங்கச்சி" என்று அந்த உறையை வாங்கி, நல்ல தையலைப் பிரித்து, மறுபடி இரட்டைத் தையல் போடுவாள்.

கம்பெனிக்கு ஃபோன் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பையன் குரல் வந்தது. "தரத்தைக் கூட்டுங்க மேடம். இன்னும் ரெண்டு வாபஸ் வந்தா உங்க கடையை சிஸ்டம் தானா மூடிடும்."

"சிஸ்டத்துக்கிட்ட ஃபோனைக் குடுப்பா, நான் பேசிக்கிறேன்" என்றாள். அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஆகவே அன்றைக்கு அக்காவை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கூலி கொடுக்கவும் காசில்லை. தையல்மேலும் புகார். வேறு வழி? அக்கா வந்து மெஷினைத் துடைத்து உட்கார்ந்து, நேற்று மிச்சமிருந்த உறைக்கு ஜிப் வைக்க ஆரம்பித்தாள். உறைக்காரி அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மத்தியானம்வரைக்கும் ஒரு துணிகூட வெட்டவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். கணவனுக்கு அக்கா, நல்ல மனசு, ஓட்டை வாய். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன முதலாளியம்மா, வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுமே? எல்லாம் என் வேலைதான்!"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"உன் உறையை நான் வாங்கினேன், என் பொண்ணு வாங்கினா, அவ மாமியார் வாங்கினாங்க, எங்க தெருவுல பாதிப் பேர் வாங்கினாங்க. எல்லாருக்கும் நான்தான் மெசேஜ் போட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு கடை, கைகொடுத்துத் தூக்கிவிடணும்னு. வித்தது எத்தனைன்னு ஏறினாத்தான் நாலு பேர் நம்பி வாங்குவாங்களாமே. அஞ்சு ஸ்டாரும் போடச் சொன்னேன்."

உறைக்காரி அவள் பக்கமாகத் திரும்பினாள். "வாங்கி? அத்தனையும் வீட்ல வச்சிருக்கீங்களா?"

"அத்தனை உறையை வச்சு நான் என்ன பண்ண? என்கிட்ட இருக்கறது ஒரே வாஷிங் மெஷின். ஸ்டாரைப் போட்டுட்டு எல்லாத்தையும் திருப்பிட்டோம். யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்ல!"

"என்ன காரணம் போட்டீங்க அண்ணி?"

"மனசு மாறிடுச்சுன்னு போட்டா கூலியைப் பிடிச்சுக்கறான், திருட்டுப் பய. தையல் சரியில்லைன்னு போட்டா முழுசாத் தர்றான். அதையே போடுங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்." நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் போய்ச் சட்டியும் போயிற்று. நாத்தனாரிடம் குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவள்தான் உறைக்காரி. அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"அவன் தர்றானா? அவன் எங்க அண்ணி தர்றான்? என்கிட்ட பிடுங்கித் தர்றான்! போறதுக்கு நான், வர்றதுக்கு நான், அபராதம் நான்! இன்னும் ரெண்டு வந்தா கடையையே மூடிடுவானாம். நீங்க அஞ்சு ஸ்டாரையும் போட்டு என் கழுத்துல கல்லையும் கட்டியிருக்கீங்க!"

"அடிப் பாவி, எனக்கென்ன தெரியும்? அவ்வளவு பெரிய கம்பெனி, அவன் தாங்கிக்குவான்னு நினைச்சேன்" என்றாள் நாத்தனார். முகம் வெளிறிவிட்டது. கைப்பையைத் திறந்து துழாவினாள். "எவ்வளவு ஆச்சு சொல்லு, நான் தந்துடறேன்."

உறைக்காரி பதிலுக்கு வாயெடுக்குமுன் மெஷின் சத்தம் நின்றுவிட்டிருந்ததைக் கவனித்தாள். அக்கா திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப தையல் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

உறைக்காரி நாத்தனாரின் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னைத்தான் கேக்கறேன் தங்கச்சி. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அக்கா."

"நகத்தால கீறிப் பாத்தியே, அப்பவே தெரியுமில்ல? பிரியல. பாத்துட்டுத்தானே கத்தின?"

உறைக்காரிக்குக் கண் கலங்கியது. கம்பெனிக்காரன்மேல் இருந்த கோபம், நாத்தனார்மேல் இருந்த கோபம் எல்லாம் வந்த வழியே திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி எழுதவே…" என்று இழுத்தாள்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "இருபது வருஷத்துல என் ஜிப்பை ஒருத்தர் குறை சொன்னதில்ல. திடீர்னு எல்லாரும் சொன்னா வேற என்ன நினைக்க? அவருக்கு மருந்து வாங்க வச்சிருந்ததை எடுத்துப் புதுக் கண்ணாடி போட்டேன். அதுலயும் அதே மாதிரிதான் தெரிஞ்சுது. மறுபடி டாக்டர்கிட்டப் போனேன், கண்ணுல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. அப்ப கைதான் போயிடுச்சுபோலன்னு ராத்திரி எல்லாம் விரலை நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

நாத்தனார் நோட்டுகளை எடுத்து நீட்டினாள். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பாதியில் நின்ற உறையை மெஷினிலிருந்து எடுத்து, நூலைக் கத்தரித்து, உறைக்காரியின் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு நீ துணி வெட்டாதப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், நிறுத்தப் போறன்னு. தையல் சரியில்லைன்னு சொல்லித்தானே நிறுத்தியிருப்ப?"

உறைக்காரி இல்லை என்று சொல்ல நினைத்தாள். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காலையிலிருந்து அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அதே வார்த்தைதான்.