அமெரிக்கக் குயிலும் மச்சானின் கார்டும்

காகம் பாய்ந்து வந்து என் காதோரம் இறக்கையால் அறைந்தது. அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. வளைகுடா நாட்டில், ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலை. நாற்பதடி விளக்குக் கம்பத்தின் உச்சியில் அது கம்பித் துண்டுகளால் கூடு கட்டியிருந்தது. கம்பி உரசி விளக்கு அணைந்துவிடும் என்பதால் கூட்டை எடுக்க என்னை லிஃப்ட் வண்டியின் தொட்டியில் ஏற்றினார்கள். ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கூட்டை எடுத்தேன்.

உயரத்தில் ஏறுவதற்குத் தனிக் கார்டு வேண்டும். அதற்குரிய பரீட்சை இங்கிலீஷில். எட்டாவதோடு நின்று ஊர் ஊராகச் சுற்றியவன் நான், எழுதவே போகவில்லை. லீவில் போயிருந்த தன் மச்சானின் கார்டை ஃபோர்மேன் பாய் என் கழுத்தில் மாட்டினார். "தாடி ஒரே மாதிரிதான்டா இருக்கு. யாராச்சும் கேட்டா அவன் பேரைச் சொல்லு."

கூட்டோடு கீழே வந்தேன். உள்ளே நான்கு முட்டைகள், ஒன்று மட்டும் சிறியது. சேஃப்டி ஆபீசர் அமெரிக்கக்காரர், பறவைப் பைத்தியம். குனிந்து பார்த்து, சிறியது குயிலுடையது என்றார். எல்லா ஊர்க் குயிலும் இப்படித்தானே என்றேன். பாய் அதை அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க ஊர்க் குயிலு தானே கூடு கட்டி, தானே அடைகாக்குமாம்டா. புழு நெறையக் கெடைக்கிற வருஷம் எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டை அடுத்த கூட்டுல போட்டுருமாம்."

"மாட்டிக்காதா பாய்?"

"வாயை மூடு. உன் கழுத்தைத்தான் பாக்குறாரு."

ஆபீசர் கார்டின் படத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. இன்னொரு கம்பம் பாக்கி இருந்தது. ஏறுவதற்கு முன் என் பெயரைக் கேட்டார். பாய் கண்ணைக் காட்டினார். மச்சானின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலே நின்றபோது தோன்றியதும் கூடவே வந்தது: விழுந்திருந்தால் போன் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கும். யாரோ ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். என் அம்மா வெள்ளிக்கிழமை வழக்கம்போல் என் அழைப்புக்குக் காத்திருப்பாள். தைரியம் ஒன்றும் இல்லை, பயத்தில்தான் என் பெயரைச் சொன்னேன்.

கார்டை அவர் கழற்றிக்கொண்டார். என்னை மூட்டை ஏற்றப் போட்டார்கள். லீவு முடிந்து வந்த மச்சானுக்கு அங்கே வேலை இல்லை. "வெறும் பேருதானேடா, சொல்லிருக்கலாம்ல?" என்றார் பாய். அதன்பின் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது வேறு நகரில், கராமா என்ற பகுதியில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஹெல்மெட்டின் உள்பக்கம் என் பெயரையும் அம்மாவின் நம்பரையும் மார்க்கரால் எழுதிவிடுவேன். வியர்வையில் அழிந்தால் மறுபடி எழுதுவேன்.