மருந்து பிடித்தது

காலை பத்து மணிக்கு, முதல் நிறுவை நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. தேயிலைக் கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்த இருளப்பன், கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். கோலாலம்பூர் மருத்துவமனைத் தாதி நவமணி பேசினாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு ஸ்கேன்ல மருந்து நல்லாப் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, டாக்டர் பேசணுமாம்."

அதற்கு மேல் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கினால், மருந்து பிடித்துவிட்டது என்றுதானே சொல்வார்கள்? மூச்சிரைப்பால் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த மனைவி பாஞ்சாலையிடம் ஓடினார். மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பாஞ்சாலையின் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றிப்போன காலம் உண்டு. நோய் வந்தபிறகு அந்த வாய் அடங்கியிருந்தது. அன்று சாயங்காலமே, பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் நீலப் பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள். புகையேறிய சமையலறைச் சுவரை, தானே நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அடித்தாள். பெயிண்ட் சொட்டுகிறது என்று அவரைத் திட்டவும் செய்தாள். அவருக்கு அது இனித்தது.

திங்கட்கிழமை டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாதாரண ஸ்கேன் இதயத்தின் உருவத்தைக் காட்டும். இந்தப் புதுச் சோதனைக்காக ஊசியில் ஏற்றியது குணமாக்கும் மருந்தல்ல. இதயத் தசையில் ஒரு கெட்ட புரதம் படிந்திருந்தால், அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைக் காந்த இயந்திரம் காட்டிக்கொடுக்கும். ஒட்ட எதுவும் இல்லையென்றால் சிறுநீரில் போய்விடும். பாஞ்சாலைக்கு இதயம் முழுக்க ஒட்டியிருந்தது. சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் இருளப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய்யாக ஆசை காட்டிவிட்டோமே என்று வாய் குழறினார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த மருந்து தேடிப்போனத சரியாப் பிடிச்சிருச்சு. ஒங்களுக்குத்தான் போன்ல சொன்னது பிடிபடல."

பிறகு அவர் கையைத் தொட்டாள்.

"அழாதீங்கலா. அந்த நாலு நாளு நான் நல்லா இருந்தேன். அத டாக்டர் குடுக்கல, நீங்கதான் குடுத்தீங்க."

மறுநாள் காலை மீண்டும் பிரஷ்ஷை எடுத்தாள். மூச்சு இடங்கொடுத்தபோதெல்லாம் அடித்தாள். போன மாதம் போய்ச்சேர்ந்தாள். அடுப்புக்கு மேலே இரண்டு முழச் சுவர் இன்னும் பெயிண்ட் அடிக்காமல் கிடக்கிறது.